தேதி போட்ட நிய்யத்

எங்கள் ஊரில் ஒரு காரியம் நடக்கப்போவதில்லை என்பதை மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி இருக்கிறது: "இன்ஷா அல்லாஹ், பாப்போம்." ஹஜ்ஜுக்கு எப்போது? இன்ஷா அல்லாஹ், பாப்போம். வாங்கின கைமாற்று? இன்ஷா அல்லாஹ், பாப்போம். காயல்பட்டினத்தில் பிறந்து, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு இந்தப் பதிலோடு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகிற கஹ்ஃபு சூராவின் 23, 24ஆம் வசனங்கள், நாளைக்கு ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று சொல்கிறவன் அல்லாஹ் நாடினால் என்பதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது என்கின்றன. நாளும் காரியமும் உள்ள ஒரு திட்டம் கையில் இருப்பவனுக்கான கட்டளை அது. நாமோ திட்டத்தை விட்டுவிட்டு அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டில் என்ன சாதிக்கப்போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அறிவியல் டீச்சர் நல்ல மனதோடுதான் கேட்டார்: "உங்களுக்கு எல்லாம் விதிப்படிதானே டீச்சர்? நீங்க எதுக்கு எழுதணும்?" நான் எழுதிய தாளை அவரிடம் காட்டினேன். அதில் ஹிஜ்ரி தேதிகளும் ரூபாய்க் கணக்கும் இருந்தன. இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது எங்கள் மார்க்கம்தான் என்றேன். அவர் நம்பவில்லை.

ஆனால் உண்மை அதுதான். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) தவணை குறித்த கடனை எழுத்தில் வைத்துச் சாட்சியும் போடுவதைப் பற்றியது. ஜகாத்துக்கு ஓர் அளவு, ஒரு சந்திர ஆண்டு, இரண்டரை சதவீதம். வஸிய்யத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்பு. விட்ட நோன்புக்குக் கெடு. ஐவேளைத் தொழுகைக்குத் தொடக்கமும் முடிவும். தீனுக்கு ஒரு பட்டியல், துன்யாவுக்கு ஒரு பட்டியல் என்று இரண்டு போட்டுக்கொண்டு நடுவில் தவிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். என் அனுபவத்தில், கடமைகளின் தேதிகளையும் தொகைகளையும் முதலில் எழுதிவிட்டால் மற்ற ஆசைகள் எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது.

ஜகாத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் என் ஆண்டு அங்கேதான் தொடங்குகிறது. எனக்கு நிஸாப், அதாவது ஜகாத் கடமையாகும் அளவு, நிறைந்தது ஒரு ரஜப் மாதத்தில். ஆகவே ரஜப் முதல் பிறைதான் என் கணக்கு நாள். ரமலானில்தான் ஜகாத் என்பது நம் ஊர்களில் பழக்கமாகிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நிஸாப் கைக்கு வந்து ஒரு சந்திர ஆண்டு முடிகிற நாள் எதுவோ, அதுதான் உங்கள் நாள். ரஜபில் கொடுப்பதில் ஒரு நன்மையும் பார்த்திருக்கிறேன். ரமலானில் எல்லோர் கையும் திறக்கும். மருந்துச் செலவுக்குத் தவிக்கும் குடும்பத்துக்கு ரஜபில் கேட்பார் இருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு வரிசை போடுகிறேன்: கையிலும் வங்கியிலும் இருப்பது, தங்கமாக இருப்பது, பிறரிடம் இருந்து வரவேண்டியது, நான் கொடுக்க வேண்டியது. தங்கத்துக்கான நிஸாப் 85 கிராம், ஏறத்தாழ 11 பவுன் என்று ஜமாஅத்துகளில் சொல்வார்கள். வெள்ளியில் 595 கிராம். இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாங்கள் கடற்கரைக்காரர்கள், ஷாஃபிஈ மத்ஹப். வழக்கத்துக்கு மீறாமல் அணிகிற நகைக்கு எங்களிடம் ஜகாத் இல்லை. ராவுத்தர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட என் தோழி ஹனஃபி; அவளுக்கு அணிகிற நகைக்கும் உண்டு. ஆனால் நகைச்சீட்டில் சேர்த்து வாங்கிய தங்க நாணயமும், பிற்காலத்துக்கு ஆகும் என்று பூட்டிவைத்த கட்டியும் எங்களுக்கும் கணக்கில் வரும். ஹஜ்ஜுக்கு என்று ஒதுக்கிய பணமும் அப்படித்தான். ஆண்டைத் தாண்டினால் ஜகாத் உண்டு. இதைச் சொல்லும்போது பலர் முகம் மாறுவதைக் கண்டிருக்கிறேன்.

இந்த நான்கு வரிசையை எழுதி முடித்ததும் அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில் அந்த ஆண்டுக்கான இலக்குகளை எழுதுவேன். மேலே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின் கீழே கற்பனை எழுத வராது. சம்பளம் வந்த அன்று போடும் திட்டத்துக்கும், ஜகாத் கணக்குப் பார்த்த அன்று போடும் திட்டத்துக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

கணக்கு டீச்சர் என்பதால் இன்னொன்று. சந்திர ஆண்டு ஏறத்தாழ 354 நாள். ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. 33 ஆங்கில ஆண்டு போனால் 34 ஹிஜ்ரி ஆண்டு போயிருக்கும். ஆங்கில ஆண்டை வைத்தே ஜகாத் கணக்கிடும் வியாபாரிகள் இதை ஈடுகட்ட 2.577 சதவீதம் என்று சற்றுக் கூட்டிக் கொடுப்பதுண்டு. 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமலான் வரும், டிசம்பர் கடைசியில் இன்னொன்று தொடங்கும். ரமலான் முதல் நோன்பில் ஜகாத் கணக்கிடுகிறவர்கள் அந்த ஒரே ஆங்கில ஆண்டில் இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்கும். இதை இப்போதே குறித்து வைப்பது தவக்குல்லுக்கு விரோதம் இல்லை.

இனி ஹஜ். நம்மவர்களின் வாழ்க்கை இலக்குகளில் மிகப் பெரியது இதுதான், மிக அதிகமாகத் தள்ளிப்போடப்படுவதும் இதுதான். காரணம் கேட்டால் ஒரே பதில்: "வீட்டுல குமரு இருக்கே." எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம். நான்கு தங்கச்சிமார் உள்ள ஒரு காக்கா கொழும்புக்கும் ஹாங்காங்குக்கும் சபர் போய் நான்கு வீடு கட்டுவார். பிறகு தன் பெண்களுக்குக் கட்டுவார். அப்புறம் மூட்டுவலி வந்துவிடும். குமரைக் கரையேற்றியபின்தான் ஹஜ் என்று எந்த மத்ஹபிலும் நிபந்தனை இல்லை. போய்வரும் செலவு, திரும்பும்வரை குடும்பச் செலவு, அடைக்க வேண்டிய கடன் போக மிச்சம், உடல் பலம், பாதுகாப்பான வழி. இவை இருந்தால் கடமை வந்துவிட்டது. ஷாஃபிஈ மத்ஹபில் போவேன் என்ற உறுதியோடு தாமதிக்க இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் வசதி வந்தும் போகாமல் மௌத்தானால் அது அவர் மேல் கடனாக நிற்கும். சொத்திலிருந்து எடுத்து வேறொருவரை அவருக்காக ஹஜ் செய்ய அனுப்ப வேண்டும். ஆலிம்சா இதைச் சொன்னபோது என் பெரியவாப்பா ஒருவர் எழுந்துபோய் அந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

தாமதத்தின் விலையை நம் கண்முன்னே பார்த்தோம். 2020, 2021 இரண்டு ஆண்டும் வெளிநாட்டிலிருந்து எவரும் ஹஜ்ஜுக்குப் போக முடியவில்லை. 2022இல் கதவு திறந்தபோது 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். தமிழ்நாட்டு ஹாஜிகள் அந்த ஆண்டு கொச்சிக்குப் போய்த்தான் விமானம் ஏறினார்கள். சென்னைப் புறப்பாடு 2023இல்தான் திரும்பியது. பெண் கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்து, முடித்து, பணத்தோடு நின்ற எத்தனையோ பேரை வயது தடுத்துவிட்டது.

ஆகவே ஹஜ்ஜை நான் மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்வேன். ஒன்று பணம். மானியம் 2018இல் நின்றுவிட்டது. ஹஜ் கமிட்டி வழியாகப் போனாலும் இப்போது தலைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் ஆகிறது, தனியார் வழியாக அதைவிட அதிகம். எந்த ஆண்டு என்று முடிவு செய்து, மிச்சமிருக்கும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள். வருகிற எண் கசக்கும், ஆனால் அது நிஜம். இரண்டு உடல். சஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு நடை மூன்று கிலோமீட்டருக்கு மேல். தவாஃபும் மினா நடையும் தனி. எங்கள் கடற்கரையில் சுபுஹுக்குப் பிறகு நடக்கும் பெண்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காக நடக்கிறார்கள். ஹஜ்ஜுக்காக என்று நிய்யத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், நடையும் கூடியது. மூன்று பருவம். 2024 ஜூன் வெயிலில் 1,300 பேருக்கு மேல் ஹஜ்ஜில் இறந்துபோனார்கள். ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே நகர்வதால் இனி வரும் ஹஜ்ஜுகள் மெல்ல வெயிலைவிட்டு விலகும். 2030இல் ஏப்ரல் நடுவாக்கில் வந்துவிடும். ஐம்பதைத் தாண்டியவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

துணைக்கு ஆண் இல்லாத பெண்கள் இந்தப் பேச்சே தங்களுக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். நம்பிக்கையான பெண்களின் கூட்டத்தோடு கடமையான ஹஜ்ஜுக்குப் போக ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. 2018 முதல் ஹஜ் கமிட்டியும் 45 வயதைத் தாண்டிய பெண்களைக் குழுவாக, மஹ்ரம் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு ராத்தா, தோழிகளோடு சேர்ந்து அப்படித்தான் போய்வந்தார். போகும் முன் அவர் செய்த முதல் வேலை தன் கடன்களைப் பட்டியல் போட்டதுதான்.

கடன் என்றதும் வீடு நினைவுக்கு வரும். வட்டி வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் வீடு என்பது மெதுவான இலக்கு. அதை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். வட்டியில்லா வங்கிப் பிரிவு வரும் வரும் என்று பல ஆண்டு பேசப்பட்டு, 2017இல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைக் கைவிட்டது. எங்கள் பக்கத்தில் உதவுவது குலுக்கல் சீட்டு. மாதாமாதம் போடும் தொகையை முழுசாக ஒருவர் எடுத்துக்கொள்வார், யாருக்கும் தள்ளுபடியோ லாபமோ இல்லை. ஏலச்சீட்டு வேறு. அவசரப்பட்டவர் குறைத்து எடுக்க, அந்தக் குறைவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வது. அதை வட்டியின் வாசல் என்று ஆலிம்கள் பலர் தடுக்கிறார்கள். சேருவதற்கு முன் எந்தச் சீட்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உறவில் வாங்கும் கைமாற்றுக்கும் தேதி போட்டு எழுதுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்பார்கள். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை, வேறொருவர் அந்தக் கடனைப் பொறுப்பேற்கும்வரை தொழவைக்கத் தயங்கினார்கள் நபி (ஸல்) அவர்கள். அதைவிட எழுதுவது கௌரவக் குறைச்சலா?

மாணவிகளிடமிருந்து ஆண்டுதோறும் வரும் கேள்வி ஒன்று: "டீச்சர், நான் பேங்க் வேலைக்குப் போலாமா?" பெரும்பாலும் பி.காம். முடித்து, தேர்வும் எழுதி, தேர்ச்சிப் பட்டியலில் பெயரைப் பார்த்தபிறகு கேட்பார்கள். வட்டிக் கணக்கு எழுதும் வேலை கூடாது என்பது பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. வேலையின் தன்மையைப் பார்த்துப் பிரித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: கேள்வியைப் பதினொன்றாம் வகுப்பில் கேளுங்கள். அப்போது கேட்டவளுக்கு அடக்கவிலைக் கணக்காளர் படிப்பு, கம்பெனி செக்ரட்டரி, ஜிஎஸ்டி ஆலோசனை, நிறுவனக் கணக்குப் பிரிவு என்று நாலு கதவைக் காட்டலாம். வேலை உத்தரவு கையில் வந்தபின், வீட்டில் வாப்பாவுக்குக் கடன் இருக்கும்போது கேட்டால், ஃபத்வா கேட்கிற மனநிலையே இருக்காது. ஹலால் ஹராம் கேள்வி இலக்கின் முதல் படி, கடைசிப் படியில் வைத்தால் கண்ணீரில்தான் முடிகிறது. அதோடு, பெண்ணின் சாதிச் சான்றிதழில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்று சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2007 முதல் தமிழ்நாட்டில் 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கல்லூரிச் சேர்க்கை வாரத்தில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடும் வாப்பாமார்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

இஸ்திகாரா பற்றி ஒரு வார்த்தை. தொழுதுவிட்டுக் கனவுக்குக் காத்திருக்கிறவர்கள் நிறைய. பச்சை தெரிந்தால் சரி, சிவப்பு தெரிந்தால் வேண்டாம் என்று எங்கள் பெண்களிடையே ஒரு தனிச் சாஸ்திரமே ஓடுகிறது. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் கனவே கிடையாது. விசாரித்து, அறிந்தவர்களிடம் மஷூரா செய்து, ஒரு பக்கம் சாய்ந்தபின் இரண்டு ரக்அத் தொழுது, இது நல்லதென்றால் லேசாக்கு, கெட்டதென்றால் என்னைவிட்டுத் திருப்பு என்று கேட்பது. கேட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டியதுதான்.

சின்ன இலக்குகளில் எனக்குப் பிடித்தது விட்ட நோன்பு. பெண்களுக்கு ஒவ்வொரு ரமலானிலும் சில நோன்புகள் விடுபடும். அடுத்த ரமலானுக்குள் பிடித்துவிட வேண்டும். காரணமில்லாமல் தாண்டினால் ஷாஃபிஈ மத்ஹபில் கழாவோடு ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அளவு அரிசி ஃபித்யாவும் சேரும். ஆயிஷா (ரலி) அவர்கள் ஷஃபானில்தான் பிடிக்க முடிந்தது என்று சொன்னதாக ஹதீஸ் உண்டு. அதை நம் பெண்கள் ஆண்டு முழுதும் சாக்காக வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளை பெற்ற ஆண்டுகளின் நோன்புகள் மலைபோல் சேர்ந்திருந்தால் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டுத் திங்கள் வியாழனில் பிடித்துப் பிடித்துக் கோடு போடுங்கள். என் மாமி எழுபதை நெருங்கும் வயதில் அப்படித்தான் தீர்த்தார். குறைந்ததானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பம் என்று வருவதன் பொருளை அந்த நாட்காட்டியில் பார்த்தோம்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காலை ஒன்பது, மாலை ஐந்து என்று வைப்பதைவிட "அஸருக்கு முன்", "இஷாவுக்குப் பின்" என்று வேலைக்கு எல்லை வைத்தால் தொழுகையும் தவறுவதில்லை, வேலையும் நீளுவதில்லை. எங்கள் ஊரில் வக்து அதிகம் நகராது என்பதால் இது எளிது. லண்டனில் இருக்கும் தங்கை மகனுக்கு ஜூனில் இஷா இரவு பதினொன்றை நெருங்கும். அவன் கோடைக்கும் குளிருக்கும் தனித்தனியாகத் திட்டம் வைத்திருக்கிறான். வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளியன்று கஹ்ஃபு ஓதி முடித்து, அந்த நோட்டைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். கால் மணி நேரம் போதும்.

கடைசியாக வஸிய்யத். சாகப்போகிறவர் எழுதுவது என்று நினைத்து நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுத்தாலே "வாயைக் கழுவு" என்பார்கள். எழுத வேண்டிய விஷயம் உள்ளவர் அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவு கழிப்பது சரியில்லை என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பில் வருகிறது. வாரிசுகளின் பங்கை அல்லாஹ்வே பிரித்துவிட்டான். வஸிய்யத் அதை மாற்றுவதற்கல்ல. வாரிசு அல்லாதவர்களுக்கும் நற்காரியத்துக்கும் மூன்றில் ஒன்று வரை எழுதலாம். இதில் ஒரு குடும்பத்தையே காப்பாற்றும் விஷயம் இருக்கிறது: உங்களுக்கு முன்னால் மகன் இறந்து, வேறு ஆண் மக்கள் இருந்தால், இறந்தவரின் பிள்ளைகளுக்கு உங்கள் சொத்தில் வாரிசுப் பங்கு வராது. அந்தப் பேரப்பிள்ளைகளுக்கு மூன்றில் ஒன்றுக்குள் எழுதிவைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எழுதாமல் போன பாட்டனார்களால் தெருவுக்கு வந்த எத்தீம் பிள்ளைகளை எல்லா ஊரிலும் காட்டலாம். வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பவர், சொந்தக்காரர் அல்லர். பங்குகள் விஷயத்தில் 2023இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

என் வஸிய்யத் தாளில் கொடுக்கல் வாங்கல், பாக்கி நோன்பு, அந்த ஆண்டு ஜகாத் கொடுத்தாயிற்றா இல்லையா, மகளுக்குக் கொடுத்த வீட்டின் பத்திரம் எங்கே இருக்கிறது, யாரிடம் என்ன அமானிதம் இருக்கிறது என்பதெல்லாம் உண்டு. இரண்டு சாட்சிக் கையெழுத்தும் உண்டு. ரஜப் தோறும் புதுத் தாள் எழுதிப் பழையதைக் கிழித்துவிடுவேன். மனைவியின் மஹர் பாக்கி இருக்கும் ஆண்கள் அதையும் கடன் வரிசையில் எழுத மறக்க வேண்டாம். நம் ஊர்களில் அது மறக்கப்படுவதற்கென்றே பேசப்படுகிற தொகையாகிவிட்டது. கைக்கூலி மட்டும் சல்லிக்காசு பிசகாமல் நினைவிருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஜகாத் தேதி எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள், அதன் கீழே ஹஜ் ஆண்டை எழுதுங்கள், அதன் கீழே கடன்களை எழுதுங்கள். பங்கு, ஃபித்யா, ஜகாத் விகிதம் எதிலாவது ஐயம் இருந்தால் அந்தத் தாளோடு உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிம் ஒருவரிடம் போங்கள். எண்கள் இல்லாமல் போனால் அவராலும் பொதுவாகத்தான் பதில் சொல்ல முடியும். எழுதி முடித்தபின் கீழே இன்ஷா அல்லாஹ் என்று போட்டுக் கையெழுத்திடுங்கள்.